93 பரிந்துரை என்று எண்ணிச் சொன்னால் போதுமா? சிகிச்சை வழிகாட்டிகளின் அப்ஸ்ட்ராக்ட் பற்றி

#1 இரவுடியூட்டி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு தாலுகா மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவு 2 மணிக்கு ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார்கள். நாலு நாளாகக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. பி.பி. 80/50, கை கால் சில்லிட்டுக் கிடந்தது. எடை 40 கிலோ இருந்தால் அதிகம். பேரன் கையில் வைத்திருந்த பழைய எக்கோவில் இதயம் பலவீனம் என்று எழுதியிருந்தது. செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றால் உடலுறுப்புகள் தடுமாறும் நிலை என்பதில் சந்தேகமில்லை. ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு வைத்தோம், ஆன்டிபயாட்டிக் போட்டோம். திரவம் எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்பதில்தான் கை நின்றது.

போனில் தேடினேன். செப்சிஸ் சிகிச்சைக்கு வழிகாட்டி வெளியிடும் சர்வதேச முயற்சியான சர்வைவிங் செப்சிஸ் கேம்பெயினின் 2016 வழிகாட்டி மேலே வந்தது. முழுக் கட்டுரை 74 பக்கம். எங்கள் வார்டுக்குள் கிடைக்கிற சிக்னலில் அது இறங்கவே இல்லை. கட்டுரையின் முன்னால் வரும் சுருக்கம், அதாவது அப்ஸ்ட்ராக்ட் மட்டும் உடனே திறந்தது. அதில் முடிவுகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது இவ்வளவுதான்: மொத்தம் 93 கூற்றுகள், அவற்றில் 32 வலுவான பரிந்துரை, 39 வலுக் குறைந்த பரிந்துரை, 18 நல்ல நடைமுறைக் கூற்று, 4 கேள்விகளுக்குப் பரிந்துரை ஏதும் தரப்படவில்லை.

கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் அந்த 32 எது? ஒன்றுகூட இல்லை. திரவத்தின் அளவு இல்லை, எந்த மருந்தை முதலில் தொடங்குவது என்பது இல்லை. 25 சர்வதேச அமைப்புகளிலிருந்து 55 நிபுணர்கள் உட்கார்ந்து எழுதியது என்று முன்னால் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது அவர்கள் எத்தனை பேர் என்பதல்ல, என்ன சொன்னார்கள் என்பது.

250 மில்லியாகக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பாட்டி நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார். ஆனாலும் கேள்வி போகவில்லை. மருத்துவ ஆய்வுக்கு அப்ஸ்ட்ராக்ட் எப்படி இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். வழிகாட்டியின் அப்ஸ்ட்ராக்டுக்கு அப்படி விதியே கிடையாதா?

#2 வைகைக்கரை

தம்பி, பாட்டி பிழைத்தது சந்தோஷம். 250, 250 ஆகப் போட்டுக் கேட்டுப் பார்த்தீர்களே, அதுதான் வைத்தியம்.

ஆனால் உங்கள் கேள்வியின் அடிப்படையிலேயே எனக்குச் சம்மதம் இல்லை. ஐ.சி.யூ.வில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அப்ஸ்ட்ராக்டைப் பார்த்து வைத்தியம் செய்யக் கூடாது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பின்னால் ஒரு பக்கமாவது விளக்கம் இருக்கும். யாருக்குப் பொருந்தாது, எப்போது நிறுத்த வேண்டும், எல்லாம் அதில்தான் வரும். ஒற்றை வரியை மட்டும் அப்ஸ்ட்ராக்டில் போட்டால் ஊரெல்லாம் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு ஓடும். எண்ணிக்கையை மட்டும் சொல்லி, மீதியை உள்ளே போய்ப் படிக்க வைப்பதே பாதுகாப்பு என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

#3 தொல்நூலகம்

நான் மருத்துவர் அல்ல. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விதி கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். விதி இருந்தது டாக்டர். 1993-லேயே இருந்தது.

கட்டமைத்த அப்ஸ்ட்ராக்ட் என்று இன்று எல்லா இதழிலும் பார்க்கிறோமே, நோக்கம், முறை, முடிவு என்று தலைப்புப் போட்டு, அந்த யோசனை 1987-ல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. அதே இதழில் 1993-ல் வழிகாட்டிகளுக்கென்றே தனியாக ஒரு வடிவம் முன்வைத்தார்கள். அதன் தலைப்புகளைத் தமிழில் சொல்கிறேன்: நோக்கம்; கையில் உள்ள மாற்று வழிகள்; கணக்கில் எடுத்த விளைவுகள்; ஆதாரம்; யாருடைய எந்த மதிப்பீட்டின்படி எடை போட்டார்கள்; நன்மை, தீமை, செலவு; பரிந்துரைகள்; சரிபார்ப்பு; நிதி கொடுத்தவர்கள். ஒன்பது தலைப்பு.

ஐந்தாவதைக் கவனியுங்கள். ஒரே ஆதாரத்தைப் பார்த்து இரண்டு குழுக்கள் வேறு வேறு பரிந்துரை எழுதுவது எப்படி என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. உயிர் காப்பதற்கு எவ்வளவு எடை, பக்க விளைவுக்கு எவ்வளவு எடை, செலவுக்கு எவ்வளவு என்பதில் குழுவுக்குக் குழு வேறுபடும். அதை அப்ஸ்ட்ராக்டிலேயே சொல்லுங்கள் என்று முப்பது வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். இன்று எந்த வழிகாட்டியின் அப்ஸ்ட்ராக்டிலாவது அந்தத் தலைப்பைத் தேடிப் பாருங்கள். நான் தேடித் தேடி அலுத்தவன்.

இன்னொரு பழைய ஞாபகம். மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான மெட்லைன் பதிவுகளில் முன்பெல்லாம் நீளமான அப்ஸ்ட்ராக்டை 250 சொல்லோடு வெட்டிவிடுவார்கள். கடைசியில் வெட்டப்பட்டது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருக்கும். பரிந்துரைகள் எழுதப்படுவதோ கடைசியில். மாணவர்கள் அச்செடுத்துக்கொண்டு வந்து, "சார், முக்கியமான இடத்தில் நின்றுபோயிருக்கிறது" என்பார்கள். அலமாரியிலிருந்து இதழை எடுத்துக் கொடுப்பேன். இரவு 2 மணிக்கு வார்டில் யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

#4 எண்ணும்எழுத்தும்

புள்ளியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

வைகைக்கரை சார் சொல்வதுபோல அப்ஸ்ட்ராக்டை மட்டும் நம்பக் கூடாது என்பது சரி. 1999-ல் ஜாமா இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆறு பெரிய மருத்துவ இதழ்களை எடுத்து, அப்ஸ்ட்ராக்டில் உள்ள தகவலைக் கட்டுரையின் உள்ளே உள்ளதோடு ஒப்பிட்டார்கள். கட்டுரையோடு ஒத்துப்போகாத தகவலோ, கட்டுரையிலேயே இல்லாத தகவலோ கொண்ட அப்ஸ்ட்ராக்டுகள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. பேர் பெற்ற இதழ்களிலேயே இந்த நிலை.

அடுத்தது 2014-ல் வந்தது. புற்றுநோய் ஆய்வுகளின் அப்ஸ்ட்ராக்டுகளை இரண்டு விதமாக எழுதி, 300 மருத்துவர்களுக்குக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். ஒன்றில் மருந்துக்குச் சாதகமான பூச்சு இருந்தது, மற்றதில் அதைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆய்வு முடிவு இரண்டிலும் ஒன்றுதான். பூசியதைப் படித்தவர்கள் மருந்து கூடுதலாகப் பலன் தரும் என்று மதிப்பிட்டார்கள். அனுபவம் உள்ள மருத்துவர்களையும் வாக்கிய அமைப்பு சாய்க்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய செய்தி.

ஆனால் இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு சாருடையதுக்கு நேர் எதிர். எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள், அதுவே கையை நகர்த்துகிறது என்றால், அதைச் சரியாக எழுத வேண்டிய கடமை கூடுகிறது, குறையவில்லை.

எதை எழுத வேண்டும் என்று சொல்லும் பட்டியல்கள் மற்ற கட்டுரைகளுக்கு உண்டு. குலுக்கல் ஆய்வுகளின் அப்ஸ்ட்ராக்டுக்கு கன்சார்ட் பட்டியலின் விரிவாக்கம் 2008-ல் வந்துவிட்டது. பல ஆய்வுகளைத் தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வுகளின் அப்ஸ்ட்ராக்டுக்கு பிரிஸ்மா பட்டியல் 2013-ல் 12 அம்சங்களோடு வந்தது. வழிகாட்டிகள் பக்கம் வந்தால், தரத்தை அளக்க அக்ரீ 2 என்ற கருவி இருக்கிறது, 2010-ல் வந்தது, 23 அம்சம், 6 பிரிவு. எப்படி அறிக்கையிட வேண்டும் என்பதற்கு ரைட் பட்டியல் 2017-ல் வந்தது, 22 அம்சம். இரண்டுமே முழு ஆவணத்தை முன்னிட்டு எழுதியவை. ரைட்டில் பரிந்துரைகளின் சுருக்கம் கொடு என்று ஒரு அம்சம் உண்டு. அக்ரீயில் முக்கியப் பரிந்துரைகள் எளிதில் கண்ணில் பட வேண்டும் என்று ஓர் அம்சம். ஆனால் இதழ் கொடுக்கும் 300 சொல்லுக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று இரண்டுமே வரி வரியாகச் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் 93 என்ற எண் வந்து உட்கார்ந்திருக்கிறது.

#5 மலைச்சாரல்

நான் ஸ்டாஃப் நர்ஸ். எல்லோரும் டாக்டர் படிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அப்ஸ்ட்ராக்ட் அதோடு நிற்பதில்லை. அதிலிருந்து ஒரு பி.பி.டி., பி.பி.டி.யிலிருந்து ஒரு சார்ட், சார்ட்டை லேமினேட் பண்ணி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டுவார்கள். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் "செப்சிஸ்: 30 மி.லி./கிலோ, 3 மணி நேரம்" என்று ஒட்டியிருந்தது. அவ்வளவுதான். யாருக்கு, எந்த அளவு உறுதியோடு சொன்னது, ஒன்றும் கிடையாது. 60 கிலோ ஆள் என்றால் 1800 மில்லி. நெஞ்சில் நீர் கோத்த ஆளுக்கும் அதே, டயாலிசிஸ் ஆளுக்கும் அதே. சந்தேகமாகக் கேட்டால் சார்ட்டைக் காட்டுவார்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ரெகமெண்ட் என்று எழுதினால் வலுவானது, சஜஸ்ட் என்று எழுதினால் வலுக் குறைந்தது என்று ட்ரெயினிங்கில் சொன்னார்கள். வார்டுக்கு வரும்போது இரண்டும் "போடலாம்" ஆகிவிடுகிறது. நம் ஊரில் சீஃப் ரவுண்ட்ஸில் நின்று "இன்னொரு பாட்டில் போட்டுடலாம் சிஸ்டர்" என்றால் அது யோசனை இல்லை, ஆர்டர். "லாம்" என்பது மரியாதைக்கு. ஆக, வேண்டுமானால் செய்யலாம் என்று அவர்கள் எழுதியது எங்கள் காதில் செய்தே ஆக வேண்டும் என்று விழுகிறது. அப்ஸ்ட்ராக்டில் வலு என்ன என்று தனியாக, பச்சையாக எழுதாவிட்டால் வழியிலேயே அது உதிர்ந்துவிடும்.

#6 பிஜி2ஆம்ஆண்டு

சிஸ்டர் சொன்ன "லாம்" விஷயம் அப்படியே எங்கள் வார்டு! நாளை ஜர்னல் கிளப்பில் சொல்லப் போகிறேன், அனுமதி கொடுங்கள்.

#7 வைகைக்கரை

மலைச்சாரல் சிஸ்டருக்கு என் வணக்கம். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், முழுதாக அல்ல.

அந்த 30 மி.லி. வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். 2012 வழிகாட்டியில் அது 1சி. வலுவான பரிந்துரை, ஆதாரத் தரம் குறைவு. 2016-லும் வலுவானது, தரம் குறைவு. 2021-ல் வலுக் குறைந்த பரிந்துரையாக இறக்கிவிட்டார்கள். அளவு மாறவில்லை. மி.லி. மாறவில்லை. மூன்று மணி நேரமும் மாறவில்லை. மாறியது உறுதி மட்டும்தான். சார்ட்டில் வெறும் எண்ணை எழுதி வைத்தவர்களுக்கு 2021-ல் எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தெரியும்.

உறுதி ஏன் முக்கியம்? ஆப்பிரிக்காவைப் பாருங்கள். ஃபீஸ்ட் ஆய்வு, 2011, உகாண்டா, கென்யா, தான்சானியா. கடுமையான காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட 3141 குழந்தைகள். வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் அல்புமின் பிரிவில் 10.6, சலைன் பிரிவில் 10.5 சதவீதம். அப்படி ஏற்றாத பிரிவில் 7.3. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுவரை எத்தனை குழந்தைகளுக்கு வேகமாக ஏற்றியிருப்போம் என்ற எண்ணம்தான். பிறகு 2017-ல் ஜாம்பியாவில் பெரியவர்களிடம் ஒரு ஆய்வு. திரவமும் பி.பி. ஏற்றும் மருந்தும் ரத்தமும் அடங்கிய நெறிமுறையைப் பின்பற்றிய பிரிவில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 48.1 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 33. நோயாளிகளில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். வென்டிலேட்டர் கைக்கெட்டாத இடம். நம் தாலுகா வார்டும் அதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் அமெரிக்க ஐ.சி.யூ.வைவிட எது நமக்குக் கிட்டத்தில் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ஆதாரம் குறைவாக இருக்கும்போது வலுவாகப் பரிந்துரைப்பதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். உயிர் போகும் நேரத்தில் அப்படிச் சொல்ல, ஆதாரத்தையும் பரிந்துரையையும் தரம் பிரிக்கும் கிரேடு முறையே இடம் கொடுக்கிறது. 2012 அப்ஸ்ட்ராக்டில், தரம் குறைந்த ஆதாரத்தின் மேல் வலுவான பரிந்துரை செய்வதில் உள்ள ஆபத்துகளை ஆசிரியர்களுக்கு வலியுறுத்தியதாக ஒரு வரியே இருக்கிறது. அந்த அப்ஸ்ட்ராக்ட் பக்கம் நிறைய நீளும். ஆனால் ஒவ்வொரு முக்கியப் பரிந்துரைக்கும் பக்கத்தில் 1பி, 1சி, 2சி என்று குறி போட்டிருந்தார்கள். ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள், பி.பி. ஏற்ற நார்எபிநெஃப்ரின் முதல் தேர்வு, எல்லாம் அதிலேயே இருந்தது. தம்பி அந்த இரவில் 2012-ஐத் திறந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். நாலு வருடம் கழித்து வந்ததில் கிடைக்கவில்லை. அது பின்னடைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

#8 தொல்நூலகம்

நிதி பற்றி யாரும் தொடவில்லையே. 1993 பட்டியலில் கடைசித் தலைப்பு அதுதான், இதே வழிகாட்டி அதற்கு நல்ல உதாரணம்.

இந்தக் கேம்பெயினின் தொடக்க காலத்தில் எலை லில்லி நிறுவனம் அதற்கு நிதி கொடுத்தது. செப்சிஸுக்கு அவர்கள் விற்ற மருந்து ஜிக்ரிஸ். 2006-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வழிகாட்டி, விற்பனைப் பிரச்சாரம், நிறுவனம் மூன்றையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்துக் கேள்வி எழுப்பியது. நூலகத்தில் அந்த இதழ் வந்த வாரம் அதற்கு வரிசையில் நின்றார்கள். 2011 அக்டோபரில், புதிய ஆய்வில் பலன் தெரியவில்லை என்று நிறுவனமே அந்த மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு வந்த 2012 அப்ஸ்ட்ராக்டில், வழிகாட்டித் தயாரிப்பு முழுவதும் தொழில் நிறுவன நிதி இல்லாமல் நடந்தது என்று எழுதினார்கள். அந்த வரி முழுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

#9 பிஜி2ஆம்ஆண்டு

சார், ஒரு அடிப்படைச் சந்தேகம். 1சி, 2பி எல்லாம் எல்லா வழிகாட்டியிலும் ஒரே அர்த்தமா? தேர்வுக்கு நான் அப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

#10 எண்ணும்எழுத்தும்

இல்லை, இது பெரிய பொறி. நல்ல வேளை கேட்டீர்கள்.

2012 செப்சிஸ் வழிகாட்டியில் எண் பரிந்துரையின் வலு, எழுத்து ஆதாரத்தின் தரம். டி என்றால் ஆதாரம் மிகக் குறைவு. ஆகவே 1டி என்றால் "ஆதாரம் மிகக் குறைவு, இருந்தாலும் வலுவாகச் சொல்கிறோம்". அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவின் முறையில் எழுத்துதான் பரிந்துரை. அங்கே டி என்றால் "செய்யாதே". அமெரிக்க இதய அமைப்புகள் பரிந்துரைக்கு வகுப்பு ஒன்று, இரண்டு ஏ, இரண்டு பி, மூன்று என்று போட்டு, பக்கத்தில் ஆதார நிலையைத் தனி எழுத்தில் வைப்பார்கள். அங்கே இரண்டு பி-யில் உள்ள பி ஆதாரமே அல்ல.

ஒரே எழுத்து மூன்று வீட்டில் மூன்று உறவு. அப்ஸ்ட்ராக்டில் எழுத்தை மட்டும் போட்டு, எந்த முறை என்று சொல்லாமல் விட்டால், சொல்லாமல் இருப்பதைவிட மோசம். எழுத்தே வேண்டாம், சொல்லால் எழுதினால் போதும் என்பது என் கட்சி.

#11 இரவுடியூட்டி

சொல்லால் எழுதிய நல்ல உதாரணம் ஒன்றை இந்த வாரம் பார்த்தேன். 2017-ல் அமெரிக்கப் பொது மருத்துவர்கள் கல்லூரியும் குடும்ப மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து வெளியிட்டது. 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் ரத்த அழுத்தம் பற்றி. மூன்றே பரிந்துரை, மூன்றும் அப்ஸ்ட்ராக்டிலேயே. சிஸ்டாலிக், அதாவது பி.பி.யின் மேல் எண், தொடர்ந்து 150-ம் அதற்கு மேலும் இருந்தால் சிகிச்சை தொடங்கி 150-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்: வலுவான பரிந்துரை, உயர்தர ஆதாரம். பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்களுக்கு 140-க்குக் கீழ் பற்றி யோசிக்கலாம்: வலுக் குறைந்தது, நடுத்தர ஆதாரம். இதய நோய் ஆபத்து அதிகம் உள்ள சிலருக்கு, ஆளைப் பார்த்து, 140-க்குக் கீழ்: வலுக் குறைந்தது, தரம் குறைந்த ஆதாரம். யாருக்காக எழுதியது என்று தனித் தலைப்பும் இருக்கிறது.

அந்த 150 சரியா என்பது வேறு சண்டை. அதே ஆண்டில் இதய அமைப்புகள் 130/80 என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சண்டை போடுவதற்குத் தேவையானது எல்லாம் அந்தச் சின்ன அப்ஸ்ட்ராக்டில் இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது.

#12 வைகைக்கரை

மூன்று பரிந்துரையை அடக்குவது சுலபம் தம்பி. 93-ஐ எப்படி அடக்குவீர்கள்? இதழ்காரர்கள் சொல் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பத்தைத் தேர்ந்தெடுத்தால், ஏன் அந்தப் பத்து என்று கமிட்டிக்குள்ளேயே அடிதடி நடக்கும். கமிட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன், தெரியும். எண்ணிக்கை போடுவதில் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை, அதனால்தான் எண்ணிக்கை வருகிறது.

#13 எண்ணும்எழுத்தும்

சார், அந்த அடிதடி நடக்கத்தான் வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் நோயாளியின் உயிரைத் தொடுபவை எவை என்று 55 நிபுணர்களால் முடிவு செய்ய முடியாவிட்டால், தனியாக நிற்கும் ஒரு டியூட்டி டாக்டர் எப்படி முடிவு செய்வார்? கூடவே, முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதற்கு இரண்டு வரி. புதுப்பிக்கப்பட்ட வழிகாட்டியில் எனக்கு அதுதான் முதல் தேவை. 2016-ன் நோக்கம் 2012-ஐப் புதுப்பிப்பது என்று அப்ஸ்ட்ராக்டே சொல்கிறது. எதைப் புதுப்பித்தது என்று சொல்லவில்லை.

#14 வைகைக்கரை

இந்த இரண்டு வரிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். 2021-ல் வலு இறங்கியது என்று கூவிச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

#15 இரவுடியூட்டி

இவ்வளவு பேசியபின் சும்மா இருக்க மனம் வரவில்லை. எங்கள் வார்டு சார்ட்டில் திரவத்துக்கான வரியை மாற்றி எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை சீஃபிடம் காட்ட வேண்டும்.

"செப்சிஸால் ரத்த ஓட்டம் குறைந்த, அல்லது செப்டிக் ஷாக்கில் உள்ள பெரியவர்கள்: முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்குக் குறைந்தது 30 மி.லி. கிரிஸ்டலாய்டு (சலைன் போன்ற) திரவம். பரிந்துரையின் வலு: குறைவு; ஆளுக்கு ஆள் மாறும். ஆதாரத் தரம்: குறைவு. இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஒவ்வொரு 250 மில்லிக்குப் பிறகும் நெஞ்சைக் கேட்டு, டாக்டரிடம் சொல்லவும். மூலம்: சர்வைவிங் செப்சிஸ் கேம்பெயின்."

#16 வைகைக்கரை

250 மில்லி வரி வழிகாட்டியில் இருப்பதல்ல, உங்கள் வார்டின் முடிவு. அதைத் தனியாகக் கோடு போட்டுப் பிரித்து, "எங்கள் வார்டு நடைமுறை" என்று எழுதுங்கள். மற்றபடி நன்றாக இருக்கிறது.

#17 மலைச்சாரல்

டாக்டர், மூலத்தில் ஆண்டு இல்லை. நான் சொன்ன அந்தப் பழைய சார்ட்டிலும் ஆண்டு இல்லை, அதனால்தான் அது பழையது என்று யாருக்கும் தெரியாமலேயே சுவரில் கிடந்தது.

#18 இரவுடியூட்டி

மூலம்: சர்வைவிங் செப்சிஸ் கேம்பெயின், 2021. சார்ட் எழுதிய மாதமும் கீழே சேர்த்துவிட்டேன். கோடும் போட்டாயிற்று சார். நன்றி சிஸ்டர்.